கிறிஸ் ஸ்குவையர் தனியாகச் செய்தவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ் ஸ்குவையர் யார்? யெஸ் குழுவைப் பற்றி எதுவும் தெரியாதவருக்குச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

லண்டனின் வடமேற்குப் பகுதியான கிங்ஸ்பரியில் 1948 மார்ச் 4 அன்று பிறந்த பேஸ் கிட்டார் (பாட்டின் கீழ் ஒலியைத் தாங்கும் கிட்டார்) கலைஞர். 1968இல் பாடகர் ஜான் ஆண்டர்சனோடு சேர்ந்து யெஸ் குழுவைத் தொடங்கினார். பத்து, இருபது நிமிடம் நீளும் பாட்டுகள், நடுவில் சட்டென்று மாறும் தாளம், அடுக்கடுக்கான குரல்கள் என்று புரோக்ரெசிவ் ராக் இசைக்கு உருவம் கொடுத்த குழுக்களில் யெஸ்ஸும் ஒன்று. அந்தக் குழுவில் பாடகர், கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ் எல்லா இடத்திலும் ஆட்கள் மாறியிருக்கிறார்கள். ஸ்குவையர் மட்டும் மாறவில்லை. 1969இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து 2014இல் வந்த 'ஹெவன் அண்ட் எர்த்' வரை யெஸ் பெயரில் வெளியான ஒவ்வொரு ஸ்டூடியோ ஆல்பத்திலும் வாசித்த ஒரே ஆள் அவர்தான். 2015 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார்.

இந்தப் பக்கம் யெஸ்ஸுக்கு வெளியே அவர் செய்ததைப் பற்றியது. அளவில் அது கொஞ்சம்தான். ஆனால் அவர் எங்கிருந்து வந்தார், அந்த பேஸ் ஏன் ஒரு பாடகரின் குரல் போல மேலே வந்து பேசுகிறது என்பதெல்லாம் யெஸ் ஆல்பங்களைவிட இவற்றில்தான் தெளிவாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

மொத்தம் எத்தனை தனி ஆல்பங்கள்?

அவர் பெயரில் வந்தவை இரண்டு. 1975இல் 'ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்', 2007இல் 'கிறிஸ் ஸ்குவையர்'ஸ் சுவிஸ் கொயர்'. இரண்டாவது கிறிஸ்துமஸ் பாடல்களின் தொகுப்பு என்பதால் அதைக் கணக்கில் சேர்க்காத ரசிகர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்.

இதுபோக அமெரிக்கக் கலைஞர் பில்லி ஷெர்வுட்டோடு 'கான்ஸ்பிரசி' என்ற பெயரில் இரண்டு ஆல்பங்கள், ஜெனிசிஸ் குழுவில் கிட்டார் வாசித்த ஸ்டீவ் ஹாக்கெட்டோடு 'ஸ்குவாக்கெட்' என்ற பெயரில் ஒன்று, இளமைக்காலக் குழுவான 'தி சின்' மறுபடி கூடியபோது ஒன்று, அப்புறம் வெளியே வராமலே போன சில முயற்சிகள். ஸ்குவையர் ஒருபோதும் தனியாக வேலை செய்யவில்லை என்பது இவற்றை வரிசையாகப் பார்த்தால் புரியும். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஒரு கூட்டாளி இருந்தார். தனி ஆல்பம் என்று சொல்லப்படுவதிலும் அப்படித்தான்.

'ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்' எப்படி உருவானது?

1974 கடைசியில் 'ரிலேயர்' ஆல்பம் வந்த பிறகு, ஆளுக்கொரு தனி ஆல்பம் செய்வது என்று யெஸ் குழுவின் ஐந்து பேரும் முடிவெடுத்தார்கள். ஸ்டீவ் ஹௌவின் 'பிகினிங்ஸ்' 1975இல் வந்தது. ஜான் ஆண்டர்சனின் 'ஒலியாஸ் ஆஃப் சன்ஹில்லோ', ஆலன் ஒயிட்டின் 'ராம்ஷேக்கிள்ட்', பேட்ரிக் மொராஸின் 'தி ஸ்டோரி ஆஃப் ஐ' மூன்றும் 1976இல் வந்தன. ஸ்குவையருடையது 1975 நவம்பரில் அட்லாண்டிக் நிறுவனம் வழியாக வெளியானது.

அப்போது அவர் லண்டனுக்கு வெளியே சர்ரி மாவட்டத்தில் வர்ஜீனியா வாட்டர் என்ற ஊரில் பெரிய வீட்டில் இருந்தார். அங்கேயே ஒரு ஸ்டூடியோவும் வைத்திருந்தார். ஆல்பத்தின் பெரும்பகுதி 1975இல் அங்குதான் பதிவானது. கூட இருந்தவர் ஆண்ட்ரூ பிரைஸ் ஜாக்மன். பியானோ வாசித்ததும், ஆர்கெஸ்ட்ராவுக்கு ஸ்வரம் எழுதியதும், அதை நடத்தியதும் அவர்தான். ஒலிப்பதிவைக் கவனித்தவர் ஆண்ட்ரூவின் தம்பி கிரெக் ஜாக்மன். டிரம்ஸுக்கு 1972இல் யெஸ்ஸை விட்டுப் போன பில் புரூஃபோர்டு வந்தார். சாக்ஸபோனுக்கு கிங் கிரிம்சன் என்ற புரோக்ரெசிவ் ராக் குழுவில் இருந்த மெல் காலின்ஸ், புல்லாங்குழலுக்கு இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரத்து ராக் குழுக்களோடு நிறைய வாசித்த ஜிம்மி ஹேஸ்டிங்ஸ், ஒரு பாட்டில் ஆர்கனுக்கு மொராஸ்.

இந்தப் பட்டியலில் கிட்டார் கலைஞர் என்று யாருமே இல்லை. வேண்டிய இடங்களில் பன்னிரண்டு கம்பி கிட்டாரையும் எலெக்ட்ரிக் கிட்டாரையும் ஸ்குவையரே தொட்டுக்கொண்டார். மற்றபடி ராக் ஆல்பங்களில் கிட்டார் நிற்கும் முன்வரிசையில் இங்கே பேஸ் நிற்கிறது.

ஐந்தே பாட்டுகள்தானாமே? ஒவ்வொன்றைப் பற்றியும் சொல்லுங்கள்.

ஆமாம், ஐந்து பாட்டு, நாற்பது நிமிடத்துக்குச் சற்று மேல்.

முதல் பாட்டு 'ஹோல்டு அவுட் யுவர் ஹேண்ட்'. குழாய் ஆர்கன் முழங்க, அதன் மேல் பேஸ் ஓட ஆரம்பிக்கிறது. அந்த ஆர்கனை வாசித்தவர் பேரி ரோஸ், அவரைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். பாட்டு நான்கு நிமிடம்தான், ஆனால் பேஸ் ஒரு இடத்திலும் மூச்சு வாங்குவதில்லை. அது ஓய்ந்ததும் இடைவெளி இல்லாமல் 'யூ பை மை சைடு' தொடங்கிவிடும். பியானோவும் புல்லாங்குழலும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்த எளிய காதல் பாட்டு. அதில் பேஸ் அடக்கமாகப் பின்னால் போய்விடுகிறது. ஸ்குவையரின் குரலைத் தனியாகக் கேட்டுப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. யெஸ்ஸில் ஆண்டர்சனின் குரலுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு கேட்கும் அதே குரல், இங்கே யாருக்கும் கீழே இல்லாமல் நிற்கிறது.

மூன்றாவது 'சைலன்ட்லி ஃபாலிங்', பதினொரு நிமிடத்துக்கு மேல். மெல்லத் தொடங்கி, நடுவில் டிரம்ஸும் ஆர்கனும் பேஸும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். 1971, 72இல் யெஸ்ஸில் ஸ்குவையரும் புரூஃபோர்டும் சேர்ந்து வாசித்தது பிடித்தவர்களுக்கு இந்தப் பகுதி விருந்து. கடைசி சில நிமிடங்கள் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்து மெல்லத் தேய்ந்து மறையும். அந்த முடிவு நீளம் என்று சிலர் குறைப்படுவார்கள். எனக்கு அந்த நீளம் தேவையாகத்தான் படுகிறது, அத்தனை ஓட்டத்துக்குப் பிறகு பாட்டு இறங்கி நிற்க அவ்வளவு நேரம் வேண்டும்.

நான்காவது 'லக்கி செவன்'. பெயரில் இருப்பது போல ஏழு எண்ணிக்கைத் தாளம். மிஸ்ர சாபு கேட்டுப் பழகிய காதுக்கு இந்தக் கணக்கு அந்நியமாகவே இருக்காது, கை தானாகத் தட்ட ஆரம்பித்துவிடும். ஏழு அவருக்குப் புதிதும் இல்லை. யெஸ்ஸின் 'ஃப்ராஜைல்' ஆல்பத்தில் அவர் பங்காக வந்த 'தி ஃபிஷ்' என்ற சிறிய பாட்டும் ஏழில்தான் ஓடும், அதில் பேஸ் கிட்டாரையே பல அடுக்குகளாகப் பதிவுசெய்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருப்பார். 'லக்கி செவன்' அதைவிட நிதானம், ஜாஸ் பக்கம் சாய்ந்தது. எலெக்ட்ரிக் பியானோவும் மெல் காலின்ஸின் சாக்ஸபோனும் பேஸோடு மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன. புரூஃபோர்டு இங்கே எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்று கவனியுங்கள். அந்தக் குறைவுதான் பாட்டைத் தூக்கி நிறுத்துகிறது.

கடைசி 'சேஃப்', துணைத் தலைப்பில் 'கேனன் சாங்' என்று இருக்கும். ஏறக்குறைய பதினைந்து நிமிடம். ஒரு குரல் தொடங்கிய மெட்டை அடுத்த குரல் சற்றுப் பின்னால் தொடங்கித் தொடர்ந்து வருவதுதான் கேனன். தேவாலயப் பாடகர் குழுவில் இருக்கும் சிறுவர்களுக்கு அது அன்றாடப் பாடம். இங்கே ஒரு சிறிய மெட்டை எடுத்து ஆர்கெஸ்ட்ராவின் ஒவ்வொரு பகுதிக்கும் கைமாற்றிக் கைமாற்றி அடுக்கிக்கொண்டே போகிறார்கள். தந்திக் கருவிகள், ஊது கருவிகள், டிரம்ஸ் எல்லாம் ஏறி முடித்த பிறகும் பேஸ் அதே மெட்டை விடாமல் பிடித்திருக்கும். எழுபதுகளில் ராக் குழுக்கள் ஆர்கெஸ்ட்ராவை எடுத்து ஆடம்பரத்துக்காகப் பின்னால் பூசிய ஆல்பங்கள் ஏராளம். இதில் ஆர்கெஸ்ட்ராவை எடுத்துவிட்டால் பாட்டே இருக்காது. ஜாக்மனின் கைவேலையை யெஸ் ரசிகர்கள்கூடப் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

அந்த பேஸ் ஒலி எப்படி வருகிறது? வழக்கமான பேஸ் மாதிரி இல்லையே.

மூன்று காரணங்கள் சொல்லலாம். முதலில் கருவி. அவருடையது ரிக்கன்பேக்கர் 4001 வகை. பதின்வயதில் பள்ளியை விட்டுவிட்டு லண்டன் ரீஜன்ட் தெருவில் இருந்த பூஸி அண்ட் ஹாக்ஸ் இசைக்கருவிக் கடையில் வேலை பார்த்தபோது, ஊழியர்களுக்கான தள்ளுபடியில் 1965இல் வாங்கியது. கடைசி வரை அதுதான் அவரது முதன்மைக் கருவி. அறுபதுகளின் வண்ணக் கோலத்துக்காக அதன் மேல் என்னென்னவோ ஒட்டி, பிறகு அதையெல்லாம் சுரண்டித் தேய்த்து மறுபடி வண்ணம் பூசியதில் அதன் மரம் இளைத்துவிட்டது. அந்த ஒலிக்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள்.

இரண்டாவது, இணைப்பு. ரிக்கன்பேக்கரில் கம்பியின் அதிர்வை மின்சார ஒலியாக மாற்றும் பிக்கப்கள் இரண்டு. இரண்டின் ஒலியையும் கலக்காமல் தனித்தனியாக வெளியே எடுத்து வேறு வேறு ஆம்ப்களுக்கு (ஒலிபெருக்கிகளுக்கு) அனுப்பினார். ஒன்று கனமான கீழ் ஒலியைத் தாங்கும். இன்னொன்றில் மேல் ஒலியைக் கொஞ்சம் கரகரப்பாக, கிட்டார் போலக் கத்த விடலாம். அதனால்தான் ஒரே ஆள் ஒரே நேரத்தில் அடித்தளமும் மெட்டும் வாசிப்பது போலக் கேட்கிறது.

மூன்றாவது, கை. பேஸ் வாசிப்பவர்கள் பலர் விரலால் மீட்டுவார்கள். இவர் பிக் என்ற சிறிய தகட்டால் வாசித்தார். அதிலும் பிக் கம்பியைத் தட்டும்போதே கட்டைவிரலின் சதையும் கம்பியில் லேசாகப் படும். கூர்மையும் கனமும் ஒன்றாக வருவது அதனால்.

இந்த மூன்றையும் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்தோ பழகியோ அடைந்துவிடலாம். மெட்டுப் போடும் புத்தியைத்தான் வாங்க முடியாது. அடுத்த கேள்விக்கான பதில் அதற்கு விளக்கமாக இருக்கும்.

பேரி ரோஸ், ஆண்ட்ரூ ஜாக்மன் இருவரும் அவ்வளவு முக்கியமா?

ஆம். ஸ்குவையரின் இசை தொடங்கியது ராக்கில் இல்லை. கிங்ஸ்பரியில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயத்தின் சிறுவர் பாடகர் குழுவில் பாடியவர் அவர். அந்தக் குழுவை நடத்தியவர் பேரி ரோஸ். பின்னாளில் கில்ட்ஃபோர்டு பேராலயத்திலும் லண்டன் செயின்ட் பால் பேராலயத்திலும் பணியாற்றி, இங்கிலாந்தின் பெயர் பெற்ற பாடகர் குழு ஆசான்களில் ஒருவரானார். 1981இல் இளவரசர் சார்லஸ், டயானா திருமணத்தில் செயின்ட் பால் குழு பாடியபோது அதை வழிநடத்தியவரும் அவரே. சிறு வயதில் கண்டிப்பான ஒரு ஆசானிடம் பல குரல் பாட்டைக் கற்றவனுக்கு, நம் குரல் மற்ற குரல்களுக்கு நடுவே எங்கே போக வேண்டும் என்ற உணர்வு வந்துவிடும். ஸ்குவையரின் பேஸ் மற்றவர் வாசிப்பதை அப்படியே தாங்காமல் தனக்கென்று ஒரு எதிர்மெட்டு தேடிப் போவதற்கு வேர் அங்கே இருக்கிறது.

அதே பாடகர் குழுவில் இருந்த இன்னொரு சிறுவன்தான் ஆண்ட்ரூ ஜாக்மன். இருவரும் சேர்ந்து முதலில் 'தி செல்ஃப்ஸ்', அப்புறம் 'தி சின்' குழுக்களில் வாசித்தார்கள். ஆகவே 1975இல் தனி ஆல்பம் செய்ய வாய்ப்பு வந்தபோது, அவர் போய்ச் சேர்ந்தது பால்ய நண்பனிடமும் பால்ய ஆசானிடமும்தான். உலகப் புகழ் பெற்ற குழுவிலிருந்து விடுப்பு எடுத்து வந்தவர், பழைய தேவாலயக் கூட்டத்தை மறுபடி கூட்டினார்.

இவருக்கு 'ஃபிஷ்' என்று பெயர் ஏன் வந்தது?

குழுவினர் ஒரே வீட்டில் தங்கியிருந்த ஆரம்ப காலத்தில் குளியலறைக்குள் போனால் வெளியே வர வெகு நேரமாகுமாம். புரூஃபோர்டு வைத்த பெயர் என்பார்கள். மீன ராசிக்காரர் என்பதும் பொருந்திவிட்டது.

ஆல்பம் ஓடியதா? பிறகு ஏன் இரண்டாவது வரவில்லை?

பிரிட்டனில் 25ஆம் இடம், அமெரிக்காவில் 69ஆம் இடம். பேஸ் கலைஞர் ஒருவரின் தனி ஆல்பத்துக்கு அது மரியாதையான இடம்தான். ஆனால் இதற்கென்று தனிச் சுற்றுப்பயணம் நடக்கவில்லை, 1976இல் யெஸ் மறுபடி பயணம் கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் எழுதியதெல்லாம் யெஸ்ஸுக்குள் போய்ச் சேர்ந்தது. 1977இல் வந்த 'கோயிங் ஃபார் தி ஒன்' ஆல்பத்தின் 'பேரலல்ஸ்' முதலில் தனி ஆல்பத்துக்காக எழுதி இடம் போதாமல் நின்றுபோன பாட்டு. அதிலும் தேவாலய ஆர்கன் முழங்கும், வாசித்தது யெஸ்ஸின் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன். 1978இன் 'டொர்மாட்டோ'வில் உள்ள 'ஆன்வர்டு' முழுக்க ஸ்குவையர் எழுதியது, ஆர்கெஸ்ட்ரா அமைப்பு மறுபடி ஜாக்மன். 'யூ பை மை சைடு' பிடித்திருந்தால் உடனே இதையும் கேளுங்கள், இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

எக்ஸ்ஒய்ஸெட் என்று ஒரு குழு, லெட் செப்பலின் ஆளோடு சேர்ந்தாராமே?

உண்மை. 1980 செப்டம்பரில் டிரம்ஸ் கலைஞர் ஜான் போனம் இறந்ததோடு லெட் செப்பலின் முடிந்தது. 1981 தொடக்கத்தில் யெஸ்ஸும் கலைந்தது. அந்த நேரத்தில் ஸ்குவையர், யெஸ்ஸின் டிரம்ஸ் கலைஞர் ஆலன் ஒயிட், லெட் செப்பலினின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் மூவரும், கீபோர்டில் கிரீன்ஸ்லேடு குழுவின் டேவ் லாசனுமாகச் சேர்ந்து சில பாட்டுகளைப் பதிவுசெய்தார்கள். லெட் செப்பலினின் பாடகர் ராபர்ட் பிளான்ட் பாட வருவார் என்று எதிர்பார்த்தார்கள், வரவில்லை. முயற்சி அதோடு நின்றது.

அதிகாரபூர்வமாக எதுவும் வெளியாகவில்லை. ஆனால் பாட்டுகள் வீணாகவில்லை. ஒன்றின் அடிப்படை மெட்டு 1997இல் வந்த 'கீஸ் டு அசென்ஷன் 2' ஆல்பத்தின் 'மைண்ட் டிரைவ்' பாட்டுக்குள் வளர்ந்தது. இன்னொன்று 2001இன் 'மேக்னிஃபிகேஷன்' ஆல்பத்தில் 'கேன் யூ இமாஜின்' ஆனது, அதில் முதன்மைக் குரலும் ஸ்குவையர்தான். இருபது வருடம் கழித்தும் ஒரு மெட்டை மறக்காமல் எடுத்து வந்து இடம் கொடுத்திருக்கிறார்.

1981இல் வந்த கிறிஸ்துமஸ் பாட்டும், 'சினிமா' என்ற குழுவும்?

'ரன் வித் தி ஃபாக்ஸ்' என்ற சிங்கிளை (தனிப் பாட்டாக வரும் இசைத்தட்டை) ஸ்குவையரும் ஒயிட்டும் 1981இல் வெளியிட்டார்கள். பாட்டு வரிகளில் கிங் கிரிம்சனுக்கு எழுதிய பீட் சின்ஃபீல்டின் பங்கு உண்டு. கேட்க இதமான பாட்டு, 2007இல் அவர் அதை மறுபடி பதிவுசெய்தார்.

'சினிமா' என்பது 1982இல் ஸ்குவையர், ஒயிட், கிட்டார் கலைஞர் டிரெவர் ராபின், கீபோர்டு கலைஞர் டோனி கே சேர்ந்த குழு. ஸ்குவையர் பதிவுகளை ஜான் ஆண்டர்சனுக்குப் போட்டுக் காட்ட, அவரும் பாட வந்துவிட்டார். அதோடு அது யெஸ் ஆகி, '90125' ஆல்பமாக 1983இல் வெளியானது. அதிலிருந்த 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' 1984 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பக்க முயற்சியாகத் தொடங்கியதுதான் யெஸ்ஸின் மிகப் பெரிய வணிக வெற்றியில் போய் முடிந்தது.

'கான்ஸ்பிரசி' ஆல்பங்கள் கேட்கத் தகுந்தவையா?

எதிர்பார்ப்பை மாற்றிக்கொண்டு கேட்டால் தகும். பில்லி ஷெர்வுட் 'வேர்ல்டு டிரேடு' என்ற அமெரிக்கக் குழுவின் பாடகர், பேஸ் கலைஞர். எண்பதுகளின் கடைசியில் ஆண்டர்சன் யெஸ்ஸை விட்டு விலகியிருந்தபோது இருவரும் பழகி, சேர்ந்து எழுத ஆரம்பித்தார்கள். அப்படி எழுதிய 'தி மோர் வீ லிவ்' 1991இல் யெஸ்ஸின் 'யூனியன்' ஆல்பத்தில் இடம்பெற்றது. 1992இல் ஸ்குவையர், ஷெர்வுட், ஒயிட் ஆகியோர் 'தி கிறிஸ் ஸ்குவையர் எக்ஸ்பெரிமென்ட்' என்ற பெயரில் கலிஃபோர்னியாவில் சில நிகழ்ச்சிகளும் செய்தார்கள்.

இருவரும் சேர்த்து வைத்திருந்த பாட்டுகள் 1997இல் யெஸ்ஸின் 'ஓபன் யுவர் ஐஸ்' ஆல்பத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. மீதி, பழைய வடிவங்கள் எல்லாம் சேர்ந்து 2000இல் 'கான்ஸ்பிரசி' என்று வந்தன. ஆகவே அது ஒரு பழைய பெட்டியைத் திறந்து காட்டுவது மாதிரி, ஒரே மூச்சில் செய்த ஆல்பம் என்ற உணர்வு வராது. 2003இன் 'தி அன்னோன்' அதைவிடக் கட்டுக்கோப்பானது, நீளமான பாட்டுகள் உண்டு, இரண்டில் ஒன்றுதான் என்றால் இதை எடுங்கள்.

என் குறை ஒன்றுதான். ஷெர்வுட் குரல்களையும் கருவிகளையும் மிக அடர்த்தியாக அடுக்குவார். அந்த நெரிசலில் ஸ்குவையரின் பேஸுக்கு மூச்சு விட இடம் குறைகிறது. 'லக்கி செவன்' பாட்டில் இருந்த காலி இடங்களை இங்கே தேடினால் கிடைக்காது. ஆனால் இந்த நட்பின் எடை பிறகுதான் தெரிந்தது. 2015இல் உடல்நிலை மோசமானபோது, யெஸ்ஸில் தன் இடத்தில் ஷெர்வுட் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர் ஸ்குவையரேதான்.

'தி சின்' மறுபடி கூடியது எப்போது?

1967இல் டெராம் நிறுவனத்தில் இரண்டு சிங்கிள்கள் வெளியிட்டுவிட்டுக் கலைந்த குழு அது. லண்டன் மார்கீ கிளப்பில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்த இரவொன்றில் அவருக்கு முன்னால் மேடையேறிய பெருமையும் உண்டு. பாடகர் ஸ்டீவ் நார்டெல்லியோடு ஸ்குவையர் மறுபடி சேர்ந்ததில் 2005இல் 'சின்டிஸ்ட்ரக்டிபிள்' வந்தது. கீபோர்டில் ஜெரார்ட் ஜான்சன், கிட்டாரில் பால் ஸ்டேசி, டிரம்ஸில் ஜெரெமி ஸ்டேசி. ஸ்குவையர் அடுத்த ஆண்டே விலகிவிட்டார். ஆல்பம் சுமார்தான். ஆனால் ஜான்சனும் ஜெரெமி ஸ்டேசியும் அவரோடு அடுத்த வேலைக்கும் வந்தார்கள், அதுதான் இதில் நடந்த நல்லது.

'சுவிஸ் கொயர்' ஆல்பத்தைக் கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் கேட்க வேண்டுமா?

கிறிஸ்துமஸ் பாடல்கள் என்றதும் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கிலீஷ் பரோக் கொயர் என்ற பாடகர் குழு மரபான கரோல்களைப் பாட, அதற்கு நடுவே அந்த ரிக்கன்பேக்கர் நடந்து போகிறது. கிட்டாருக்கு ஜெனிசிஸ் குழுவில் இருந்த ஸ்டீவ் ஹாக்கெட். பால்ய நண்பன் ஆண்ட்ரூ ஜாக்மன் 2003இல் இறந்துவிட்டார், இந்த ஆல்பம் அவர் நினைவோடு செய்யப்பட்டது. செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயத்தில் இருவரும் சிறுவர்களாகப் பாடிய வகைப் பாட்டுகள் இவை. 'சேஃப்' கேட்டுவிட்டு இதைக் கேட்டால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவது தெரியும்.

'ஸ்குவாக்கெட்'?

கரோல் ஆல்பத்தில் தொடங்கிய பழக்கம் வளர்ந்தது. ஹாக்கெட்டின் 2009, 2011 தனி ஆல்பங்களில் ஸ்குவையர் வாசித்தார். பிறகு இருவரும் சேர்ந்து, ரோஜர் கிங் தயாரிப்பில், 'எ லைஃப் வித்தின் எ டே' ஆல்பத்தை 2012இல் கொண்டுவந்தார்கள். டிரம்ஸ் ஜெரெமி ஸ்டேசி.

யெஸ்ஸும் ஜெனிசிஸும் சேர்ந்தால் இருபது நிமிடப் பாட்டு வரும் என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம்தான். இவை பெரும்பாலும் ஐந்தாறு நிமிடப் பாட்டுகள், குரல் ஹார்மனிக்கு முதலிடம் கொடுப்பவை. தலைப்புப் பாட்டில் ஆர்கெஸ்ட்ரா ஒலியும் கனமான பேஸும் சேர்ந்து வரும், அங்கே தொடங்குங்கள். 'டால் ஷிப்ஸ்' பேஸ் ரசிகர்களுக்கு. 'ஏலியன்ஸ்' பாட்டை அதற்குச் சில வருடம் முன்பே யெஸ் மேடையில் வாசித்திருக்கிறது. அவர் வாழ்நாளில் வந்த கடைசிப் பக்க முயற்சி இது. வயதான குரல்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று நன்றாகப் பொருந்தியிருக்கின்றன.

மற்றவர்கள் ஆல்பங்களில் வாசித்திருக்கிறாரா?

நிறைய இல்லை. ரிக் வேக்மனின் 1973 ஆல்பமான 'தி சிக்ஸ் வைவ்ஸ் ஆஃப் ஹென்றி தி எய்த்'தில் 'கேத்தரின் ஆஃப் அரகான்' பாட்டில் அவர் பேஸ் உண்டு. வேக்மனின் 1977 'கிரிமினல் ரெக்கார்டு' ஆல்பத்திலும் ஒயிட்டோடு சேர்ந்து வாசித்தார். அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் எடி ஹாரிஸ் லண்டனுக்கு வந்து ராக் கலைஞர்களோடு பதிவுசெய்த ஆல்பத்தில் இருப்பது பலருக்குத் தெரியாத செய்தி.

இதே வகையில் வேறு பேஸ் கலைஞர்களின் தனி ஆல்பங்கள்?

ஜெனிசிஸின் மைக் ரதர்ஃபோர்டு 1980இல் செய்த 'ஸ்மால்கிரீப்ஸ் டே', ரஷ் குழுவின் கெட்டி லீ 2000இல் செய்த 'மை ஃபேவரிட் ஹெட்ஏக்', கிங் கிரிம்சனின் டோனி லெவின் அதே ஆண்டில் செய்த 'வாட்டர்ஸ் ஆஃப் ஈடன்' மூன்றும் கேட்கலாம். கருவியின் சாத்தியங்களைத் தேடிப் போவதில் லெவின் மற்ற எல்லோரையும்விட வெகுதூரம் போனவர். கெட்டி லீ ஸ்குவையரின் பெரிய ரசிகர். 2017இல் யெஸ் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது யெஸ்ஸின் 'ரவுண்டபௌட்' பாட்டில் ஸ்குவையரின் இடத்தில் நின்று வாசித்தவர் அவர்தான்.

எந்த வரிசையில், எந்தப் பதிப்பைக் கேட்கலாம்?

முதலில் 'ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்', முழுதாக, பாட்டு தாண்டாமல். அப்புறம் 'பேரலல்ஸ்', 'ஆன்வர்டு' இரண்டும். அதன் பிறகு 'ஸ்குவாக்கெட்', 'சுவிஸ் கொயர்', கடைசியாக 'தி அன்னோன்'. கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் தயவுசெய்து கேட்காதீர்கள். அதில் கீழ் ஒலி வரவே வராது, பாதி ஸ்குவையர் காணாமல் போய்விடுவார். சாதாரண ஹெட்ஃபோன் போதும்.

2018இல் ஜாக்கோ ஜாக்சிக் மூலப் பதிவிலிருந்து புதிதாகக் கலந்த ஸ்டீரியோ, 5.1 (பல ஸ்பீக்கர்களில் சுற்றிலும் கேட்கும்) வடிவங்களோடு 'ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்' மறுபடி வெளியானது. ஆர்கெஸ்ட்ராவும் பேஸும் மோதிக்கொள்ளும் இடங்கள், குறிப்பாக 'சேஃப்' பாட்டின் பின்பாதி, அதில் நன்றாகப் பிரிந்து கேட்கின்றன. ஆனால் முதல் தடவை கேட்பவர் 1975இன் பழைய கலவையையே கேளுங்கள். 'ஹோல்டு அவுட் யுவர் ஹேண்ட்' தொடக்கத்தில் ஆர்கனும் பேஸும் ஒரே கருவி போல ஒட்டி வருவது அதில்தான் இன்னும் நன்றாக இருக்கிறது.